சதுரங்கமும் நம் பினாங்கும்

மலாய்ப் பிள்ளைகள் 'சாத்துர்' என்று ஆடுகிறார்களே, அது வேறொன்றுமில்லை, நம் சதுரங்கந்தான். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படை. நால்வர் பகடை உருட்டி ஆடிய சதுரங்கத்தையும் 1030-ஆம் ஆண்டளவில் அல்பிரூனி எழுதி வைத்தார். நால்வர் ஆட்டமென்றால் சும்மாவா? படையோடு நட்பையும் பகையையும் எடை போட வேண்டும்.

நம் பினாங்கும் அப்படியொரு பலகைதான். சயாமுக்கு அஞ்சிய கெடா சுல்தான் அப்துல்லா, படைத்துணை கிடைக்குமென நம்பி 1786-இல் பிரான்சிஸ் லைட்டைத் தீவில் இறங்கவிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியோ துணைதர மறுத்தது. 1791-இல் தீவை மீட்க முயன்று சுல்தான் தோற்றார். கிடைத்தது ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி. 1821-இல் சயாம் கெடாவைப் பிடித்தபோதும் கம்பெனி கைகட்டி வேடிக்கை பார்த்தது.

ஆகவே பிள்ளைகளே, எதிரியின் காயை மட்டும் பார்த்தால் போதாது. கூட்டாளியின் மனத்தையும் பாருங்கள்.