ஏலம் கூறும் குரல்

கட்டுமரம் கரையேறும் வேளையில் மணலில் முதலில் எழுவது ஏலம் கூறும் குரல். மீனைப் பிடித்தவன் ஈரத் துணியோடு ஒதுங்கி நிற்பான். விலையை வேறொருவர் கூறுவார். நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை நீளும் நம் மாவட்டக் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாக இதுவே வழக்கமாக இருந்தது. ஏலம் கூறியவர் பெரும்பாலும் கடன் கொடுத்தவர். அல்லது கடன் கொடுத்தவரின் ஆள். வலை வாங்கவும், மகளைக் கட்டிக்கொடுக்கவும், கடல் பொய்த்த மாதங்களைக் கடக்கவும் அவரிடம் கைநீட்டியவன், அன்றுமுதல் தன் மீனை அவர் சொல்லும் விலைக்கே விடக் கடமைப்பட்டவன். வட்டியென்று தனியே ஒன்று கேட்கப்படுவதில்லை. விலையிலேயே அது கழிந்துவிடும். ஆகையால் கடனில் எவ்வளவு தீர்ந்தது, எவ்வளவு மீதம் என்பது கடனாளிக்கு ஒருநாளும் விளங்கியதில்லை.

அந்த மணலில் நம் திருச்சபையும் நின்றது என்பதை மறைப்பதற்கில்லை. 1544ஆம் ஆண்டின் இறுதியில் புனித சவேரியார் இக்கரையோரம் நடந்து ஆயிரக்கணக்கான முக்குவர்களுக்குத் திருமுழுக்கு அளித்தார். அதன்பின் கோயிலே ஊரின் நடுவம் ஆயிற்று. வழக்குத் தீர்த்ததும் வரி தண்டியதும் கோயிலே. பிடித்த மீனில் ஒரு பங்கு கோயிலுக்கு உரியது. அதைத் திரட்டும் உரிமை குத்தகையாக ஏலம் விடப்பட்டது. அந்தப் பணத்தில்தான் வானளாவிய கோபுரங்கள் எழுந்தன, திருவிழாக்கள் நடந்தன. மக்கள் அதை மனமுவந்து தந்தார்கள் என்பதும் உண்மையே. ஆயினும் குத்தகை எடுக்கக் கையில் பணம் வைத்திருந்தவர் யார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நல்லது.

1930ஆம் ஆண்டில் கோட்டாறு மறைமாவட்டம் உருவாயிற்று. 1960களில் இரண்டாம் வத்திக்கான் பொதுச் சங்கம் உலகை நோக்கிச் சாளரங்களைத் திறந்துவைத்த காலத்தில், பெல்ஜிய நாட்டவரான அருட்தந்தை ஜேம்ஸ் தொம்பர் முன்னின்று வளர்த்த கோட்டாறு சமூக சேவைச் சங்கம் இங்கே பணிபுரியத் தொடங்கியது. தொடக்கத்தில் எவரும் செய்வதையே அதுவும் செய்தது: இல்லாதவர்க்கு இருப்பதைக் கொடுத்தது. முட்டத்தில் படகு கட்டும் மையம் அமைந்தது; பெல்ஜியத்திலிருந்து உதவி வந்தது. ஏழைக்குப் படகு கிடைத்தால் ஏழ்மை நீங்கும் என்பது அக்காலத்தின் எளிய நம்பிக்கை. அரசும் அவ்வாறே நம்பியது. 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய இந்திய நார்வே திட்டம் விசைப்படகை வளர்ச்சியின் மறுபெயராக்கியிருந்தது.

நடந்ததோ வேறு. விசைப்படகு பெரிய முதலைக் கேட்டது. முதல் உள்ளவனிடமே போய்ச் சேர்ந்தது. இறால் ஏற்றுமதி சூடுபிடித்தபோது அது இழுவலையைப் பூட்டிக்கொண்டு கரையோரத்தை உழத் தொடங்கியது. முட்டத்தில் உழைத்த பெல்ஜியப் பொறியாளர் பியேர் ஜில்லே பெரிய படகை விட்டுவிட்டு, அலையில் நேரே கரையேறக்கூடிய சிறு வள்ளங்களை நோக்கித் திரும்பினார். காட்டில் கட்டுமரத்துக்கேற்ற மரம் அருகி வந்த காலம் அது. ஒட்டுப்பலகையால் வள்ளம் கட்டும் முறை அவ்வாறு இக்கரையில் வேரூன்றியது. தம் பட்டறிவை அவர் 1985இல் நூலாக்கியபோது அதற்கு இட்ட பெயரின் பொருள், ‘சிறியது கடினமானது’ என்பதாகும். சிறியதே அழகு என்று உலகம் பேசிக்கொண்டிருந்த நாட்களில் முட்டத்து மணலில் கால் பதித்தவர் சொன்ன மறுமொழியாக அதை நாம் கொள்ளலாம்.

ஆனால் நல்ல வள்ளம் கிடைத்தாலும் ஏலம் கூறும் குரல் மாறாதவரை ஏழ்மை மாறாது. இதை முதலில் கண்டுகொண்டது நாம் அன்று. நம் அண்டை மறைமாவட்டம். திருவனந்தபுரத்துக்கு வடக்கே ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா காலத்தில் உருவான மரியநாடு என்னும் குடியேற்றத்தில், 1970களில் மீனவர்களே கூட்டுறவுச் சங்கம் கண்டு கரை ஏலத்தைத் தம் கையில் எடுத்தனர். அந்த முறை தெற்கே நம் ஊர்களுக்கும் பரவியது. அதன் நுட்பம் மிக எளிது. கடலுக்குப் போகிறவனே உறுப்பினன். வணிகனுக்கும் தரகனுக்கும் இடமில்லை. சங்கத்தின் பணியாளர் ஏலம் கூறுவார். கிடைத்த தொகையில் ஒரு விழுக்காடு கடனுக்கும், சிறு பங்கு சேமிப்புக்கும், சிறு பங்கு சங்கச் செலவுக்கும் பிடிக்கப்படும். மீன் மிகுந்த நாளில் மிகுதியாகக் கட்டுவான்; வெறும் வலையோடு வந்த நாளில் ஒன்றும் கட்டவேண்டாம். மாதத் தவணை என்னும் வங்கிக் கணக்குக் கடலுக்குப் பொருந்தாது என்பதை வங்கியாளர் அறியவில்லை, கட்டுமரக்காரர் அறிந்திருந்தனர்.

ஊர்ச் சங்கங்கள் மாவட்டக் கூட்டமைப்பாயின. 1980இல் அவை தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக இணைந்தன. இங்கே பங்குத்தந்தையர் ஒரு கடினமான கலையைக் கற்கவேண்டியிருந்தது. சங்கத்தைத் தொடங்க அவர்களின் சொல் தேவைப்பட்டது. சங்கம் வாழ அவர்கள் நாற்காலியைவிட்டு எழவேண்டியிருந்தது. எழுந்தவர்களும் உண்டு, எழ மனமின்றி அமர்ந்திருந்தவர்களும் உண்டு.

சங்கம் விலையைக் காத்தது. மீனைக் காக்க அதனால் இயலவில்லை. அதற்குச் சட்டம் வேண்டியிருந்தது. கட்டுமரக்காரருக்கும் விசைப்படகினருக்கும் இடையே மோதல்கள் மூண்டபின், 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல்மைல் சிறுதொழில் மீனவருக்கென ஒதுக்கப்பட்டது. விசைப்படகு காலை 5 மணிக்குப் பின்னரே புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்பவேண்டும் என விதிக்கப்பட்டது. தாளில் எழுதிய கோட்டைத் தண்ணீரில் யார் காண்பது? இரவில் அறுபட்ட வலைகளைக் காலையில் எண்ணியவர்களுக்கே அந்தக் கோட்டின் அருமை தெரியும்.

கேரளத்தில் துறவியரும் மீனவரும் உண்ணாநோன்பிருந்து போராடியதன் பயனாக 1988இல் மழைக்கால இழுவலைத் தடை பிறந்தது. மறு ஆண்டு, ‘நீரைக் காப்போம், உயிரைக் காப்போம்’ என்னும் முழக்கத்தோடு தேசிய மீனவர் அமைப்பு இரு கரைகளிலும் நடைப்பயணம் மேற்கொண்டது. கிழக்கே வங்கத்திலிருந்தும் மேற்கே மராட்டியப் பகுதியிலிருந்தும் புறப்பட்டவர்கள் 1989 மே 1ஆம் நாள் கன்னியாகுமரியில் கூடினர். இரு கடல் கூடும் முனையில் இரு கரை மக்களும் கூடிய அந்நாள், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. பலர் காயமுற்றனர், கூட்டம் கலைந்தது.

இவ்வரலாற்றில் நமக்கு மிகவும் வலிப்பது வேறொன்று. விசைப்படகினர் அயலார் அல்லர். குளச்சலில் இழுவலைப் படகு வைத்திருந்தவரும் கத்தோலிக்கர். வலை அறுபட்ட கட்டுமரக்காரரும் கத்தோலிக்கர். ஒரே ஆயரின் கீழ் வாழ்ந்து, ஒரே நற்கருணையைப் பெற்றவர்கள் கடலில் ஒருவர் படகை ஒருவர் மறித்தனர். நீதியின் பக்கம் நிற்பதா, சமாதானம் செய்வதா என மறைமாவட்டம் தடுமாறியது. சில வேளை ஒன்றைச் செய்தது, சில வேளை மற்றதை. மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் பேச்சுகள் நடந்தன. உடன்பாடுகள் எழுதப்பட்டன, மீறப்பட்டன, மீண்டும் எழுதப்பட்டன. அந்தத் தடுமாற்றத்தை நாம் இகழ்வதற்கில்லை. ஆனால் சமாதானம் என்ற சொல் பலவேளை வலிமையுள்ளவனுக்கே துணைநின்றது என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

2001இல் தமிழக அரசு ஆண்டுக்கு 45 நாள் மீன்பிடித் தடையைக் கொண்டுவந்தது. 2017இல் அது 61 நாளாயிற்று. இரு கடல்களுக்கும் உரிய நம் மாவட்டத்தில் தடையும் இரண்டு. சின்னமுட்டத்துப் படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை ஓய்கின்றன. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துப் படகுகள் ஜூன், ஜூலை மாதங்களில் ஓய்கின்றன. ஒரு காலத்தில் நடவாத கனவு என்று நகைக்கப்பட்ட கோரிக்கை இன்று நாட்காட்டியில் அச்சாகிறது.

இத்தனையிலும் ஒருவரை நாம் நெடுங்காலம் எண்ணவில்லை. கடலுக்குப் போகிறவனே உறுப்பினன் என்ற விதி தரகனை மட்டுமா வெளியே நிறுத்தியது? ஏலத்தில் மீன் எடுத்துக் கடவத்தில் சுமந்து உள்நாட்டுச் சந்தைகளுக்குச் சென்ற மனைவியும் தாயும் கூடவே வெளியே நின்றனர். பின்னாளில் மீன் விற்கும் பெண்களுக்கென்றும் குழுக்கள் எழுந்தன. காலம் தாழ்ந்தே எழுந்தன. 2021 மே மாதத்தில் தமிழக அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வழங்கியது. அவ்வாண்டு டிசம்பரில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப ஏறிய முதிய பெண் ஒருவர், மீன் நாற்றம் வீசுகிறது என்று குளச்சல் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடப்பட்டார். அவர் அழுதுகொண்டு போய்விடவில்லை. நிலையத்தின் நடுவே நின்று உரக்க நியாயம் கேட்டார். நாடே அதைக் கண்டது. முதலமைச்சர் கண்டனம் தெரிவித்தார்; ஓட்டுநர், நடத்துநர், நேரக் காப்பாளர் மூவரும் பணியிடைநீக்கம் செய்யப்பட்டனர். அன்று அந்த நிலையத்தில் நின்றிருந்தவர்களில் நம் பங்கு மக்களும் இருந்திருப்பார்கள். அந்தப் பெண் தனியாகவே பேசினார்.