இருக்கை உறைக்குள் ஒரு வரலாறு

பழைய மோட்டார் சைக்கிளின் கிழிந்த இருக்கை உறையை மாற்றுவது, கடைக்காரரிடம் ஒப்படைத்து மறந்துவிடத்தக்க சிறு வேலை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வுறையை நம் கையாலேயே கழற்றுவோமாயின், அதனடியில் ஒரு தொழில் வரலாறே மடிந்து கிடக்கக் காண்போம்.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1932 இல் தன் வண்டியொன்றுக்குப் 'புல்லட்' எனப் பெயரிட்டது. 1955 இல் அந்நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. சென்னைத் திருவொற்றியூரில் புல்லட் உருவாகலாயிற்று. ரெட்டிச் ஆலை 1967 இல் மூடப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1977 இல், திருவொற்றியூர் வண்டிகள் இங்கிலாந்துக்கே கப்பலேறின. தாய்வீட்டில் அணைந்த விளக்கு மகள்வீட்டில் எரிந்த கதை இது.

இருக்கையும் மாறியே வந்தது. முற்காலத்தில் சுருள்வில்களின்மேல் தோல் போர்த்திய தனி இருக்கை. பின்னர் இருவர் அமரும் நீள இருக்கை; தோலின் இடத்தில் ரெக்சின். துணியின்மீது நைட்ரோசெல்லுலோஸ் பூசித் தோல்போல் அச்சிட்ட பொருளுக்கு ஆங்கிலேய நிறுவனமொன்று இட்ட வணிகப் பெயரே ரெக்சின். இன்று பி.வி.சி. பூசிய துணியையும் நாம் அவ்வாறே அழைக்கிறோம். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ஆவாரம்பட்டையிட்டுத் தோல் பதனிட்ட குடும்பத்தாருக்கு அசலுக்கும் போலிக்கும் உள்ள வேற்றுமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ரெக்சின் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும்.

ஆகவே புதிய உறையைச் சற்றுநேரம் வெயிலில் விரித்துவைத்த பின்னரே போர்த்த வேண்டும். இருக்கையைக் கழற்றிக் கவிழ்த்தால், பல பழைய வண்டிகளில், அடித்தகட்டின் ஓரத்தில் உறையைக் கவ்விய பற்கள் தெரியும். அவற்றைத் திருப்புளியால் மெல்ல நிமிர்த்த வேண்டும், அவசரப்பட்டால் ஒடிந்துவிடும். பழைய உறையின் தையலைப் பிரித்துத் துண்டுகளை விரித்தால், அதுவே புதியதற்கு அளவு. தகட்டின் துருவைத் தேய்த்து வண்ணம் பூசி உலர்த்திய பின், உறையின் முன்நுனியை முதலில் மாட்டிப் பின்புறம் இழுத்து, இரு பக்கங்களையும் மாறி மாறிக் கவ்வச் செய்தால் சுருக்கம் விழாது.

நாம் வருந்துவது ஒன்றே. பலர் பழைய உறையைக் குப்பையில் எறிந்துவிட்டு ஆயத்த உறையை மாட்டிவிடுகின்றனர். அந்த வண்டியின் தையல் வரி எப்படி ஓடியது, விளிம்பு எந்நிறத்தில் இருந்தது என்பதற்கு எஞ்சியிருந்த சான்றும் அத்துடன் மறைந்துபோகிறது. தந்தை விட்டுச்சென்ற வண்டி நம்மிடமுள்ள அமானிதம். புதிய உறையின்மேல் நாம் அமர்வோம். பழையதை மடித்துப் பெட்டியில் வைப்போம். நாளை நம் பிள்ளைகள் அளவெடுக்க அது வேண்டும்.