மணமக்கள் சொல்: கத்தோலிக்க விவாக வரலாற்றில் ஓர் அத்தியாயம்

1469ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே, இங்கிலாந்து தேசத்து நோரிச் நகரில், வால்ட்டர் லைஹேர்ட் என்னும் மேற்றிராணியாரின் முன்னிலையில் ஓர் இளம்பெண் வந்து நின்றாள். அவள் பெயர் மார்ஜரி பாஸ்ற்றன். நிலபுலமும் செல்வாக்கும் படைத்த குடும்பத்திலே பிறந்தவள். தந்தையார் காலமாகி மூன்றாண்டுகள் கழிந்திருந்தன. அக்குடும்பத்தின் காணி பூமிகளை மேற்பார்வை செய்துவந்த றிச்சட் கோல் என்னும் காரியத்தனை அவள் விரும்பினாள். பிறர் அறியாவண்ணம் இருவரும் ஒருவர்க்கொருவர் விவாக வாக்குக் கொடுத்துக்கொண்டனர். செய்தி வெளிப்பட்டதும் தாயும் தமையன்மாரும் வெகுண்டெழுந்தனர். நம்மிடம் சம்பளம் வாங்குபவனுக்கு நம் வீட்டுப் பெண்ணா என்பது அவர்கள் சீற்றம்.

மேற்றிராணியார் முதலில் அவளுடைய குலப்பெருமையை எடுத்துரைத்தார். சுற்றத்தார் கைவிட்டால் நேரக்கூடிய துன்பங்களைச் சொல்லி எச்சரித்தார். அதன் பின்னர் ஒரேயொரு வினாவைக் கேட்டார்: “நீ அவனிடம் சொன்ன சொற்கள் யாவை?” என்பதே அவ்வினாவின் சாரம். அவள் தான் சொன்ன சொற்களை ஒளியாது கூறினாள். அச்சொற்கள் விவாகத்தை உறுதிப்படுத்தப் போதாவெனின், இவ்விடத்தை விட்டு நீங்குமுன் இன்னும் உறுதியாகச் சொல்வேன் என்றும் துணிந்துரைத்தாள். றிச்சட் கோலையும் வேறாக அழைத்து விசாரித்தனர். இருவர் வாக்கும் ஒத்திருந்தன. தாயின் வீட்டுக் கதவு மகளுக்கு அன்றே அடைக்கப்பட்டது. ஆயினும் விவாகத்தை எவராலும் அழிக்க முடியவில்லை. இவ்வரலாறு அக்குடும்பத்தார் எழுதிய கடிதங்களிலே இன்றும் காணக்கிடக்கின்றது.

தாயின் கோபத்தைக் கருதாது, குடும்பத்தின் செல்வாக்கைக் கருதாது, சாதாரணமான ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லை நீதியின் அளவுகோலாகக் கொள்ளுமாறு அந்த மேற்றிராணியாரைக் கட்டுப்படுத்தியது யாது? இக்கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய எமது பேச்சின் நோக்கமாகும். விவாகம், கற்பு, மனித மாண்பு என்பன பற்றிக் கத்தோலிக்க திருச்சபை போதிப்பவை பல. அவற்றுட் சில இன்று கடும் வாதங்களுக்கு உட்பட்டுள்ளன. அவ்வாதங்களில் நாம் இப்போது புகவில்லை. அப்போதனைகளுக்கெல்லாம் வேராய் நிற்கும் ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். அஃது, மணமக்கள் இருவரின் சுயாதீனமான சம்மதமே விவாகத்தை ஆக்குகின்றது என்னும் கொள்கை.

இக்கொள்கையின் வித்து பண்டை உரோமருடைய சட்டத்திலே உண்டு. உடற்சேர்க்கையன்று, சம்மதமே விவாகம் என உரோம நீதிவாணர் உரைத்தனர். ஆயினும் அச்சட்டத்திலே தகப்பனுடைய அதிகாரமும் உடன் இருந்தது. அவன் இசையாவிடின் மகளுடைய விவாகம் இல்லை. அடிமைகளுக்கோ விவாகம் என்னும் உரிமையே கிடையாது. அடிமையும் அவன் துணைவியும் எத்தனை ஆண்டுகள் கூடி வாழ்ந்தாலும், அவ்வாழ்க்கையைச் சட்டம் விவாகமென்று ஏற்கவில்லை.

866ஆம் ஆண்டிலே பல்கேரிய நாட்டு மன்னன் பொரிஸ், புதிதாகக் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியவன், பல ஐயங்களை எழுதி உரோமாபுரிக்கு அனுப்பினான். முதலாம் நிக்கொலாஸ் என்னும் பாப்பரசர் அவற்றுக்கு விடை எழுதினார். மோதிரம், சீதனம், முக்காடு, முடி எனத் தம் நாட்டிலே வழங்கிய மணச் சடங்குகளையெல்லாம் விவரித்த அவர், வறுமையினால் இவற்றைச் செய்ய இயலாதவர்க்குப் பாவமொன்றுமில்லை என்றார். இருவருடைய சம்மதம் ஒன்றே போதும்; அது இல்லையாயின் மற்றெல்லாம் வீண் என்பது அவர் முடிபு. சீதனப் பேச்சிலே கலியாணங்கள் குலைந்துபோவதைக் கண்டும் கேட்டும் பழகிய நமக்கு, ஏறத்தாழ 1160 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவ்விடை சிந்திக்கத்தக்கதன்றோ?

12ஆம் நூற்றாண்டிலே இக்கொள்கை சட்டமாக உருப்பெற்றது. 1140ஆம் ஆண்டளவில் பொலோஞா நகரத்துக் கிராசியான் என்பார் திருச்சபைச் சட்டங்களைத் தொகுத்தார். மகளை அவள் விருப்பத்துக்கு மாறாக மணஞ்செய்து கொடுக்கலாமா என்னும் வினாவை எழுப்பி, ஆகாது என அவர் தீர்த்துரைத்தார். “உன்னை மனைவியாக ஏற்கின்றேன்”, “உம்மைக் கணவராக ஏற்கின்றேன்” என நிகழ்காலத்திற் கூறும் சொற்களே விவாகத்தை ஆக்கும் எனப் பாரிசு நகரத்துப் பேதுரு லொம்பார்து போதித்தார். 1159 முதல் 1181 வரை பாப்பரசராயிருந்த மூன்றாம் அலெக்சாந்தர் தம் தீர்ப்புகளால் அப்போதனையை நிலைநாட்டினார்.

இவ்வளவிலும் வியப்புக்குரியது ஒன்றுண்டு. 1154 முதல் 1159 வரை ஆண்ட நான்காம் அதிரியான் என்னும் பாப்பரசர், சால்ஸ்பேர்க் நகரத்து அதிமேற்றிராணியார் எபெர்ஹார்ட் என்பவருக்கு ஒரு நிருபம் வரைந்தார். அடிமைகள் செய்துகொள்ளும் விவாகத்தை எவரும் தடைசெய்யலாகாது. எசமான் மறுத்திருந்தாலும் அவ்விவாகத்தைக் குலைக்கவும் ஆகாது என்பதே அதன் தீர்ப்பு. கிறிஸ்துவினிடத்தில் அடிமையென்றும் சுயாதீனனென்றும் வேறுபாடில்லை என அர்ச். சின்னப்பர் போதித்ததை அதற்கு ஆதாரமாகக் காட்டினார். அடிமை எசமானுக்குச் செய்யவேண்டிய ஊழியம் குறையலாகாது என்றும் அதே நிருபம் கூறுவதை நாம் மறைத்தல் தகாது. அடிமைத்தனத்தை அது ஒழிக்கவில்லை. ஆயினும் கையையும் காலையும் விலைகொடுத்து வாங்கிய எசமானுக்கு, வாங்கமுடியாத ஒன்று அந்த அடிமையிடம் உண்டு என்று அது நிலைநாட்டியது. அந்த ஒன்று அவனுடைய சம்மதம்.

நேயர்களே, நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. சம்மதம் ஒன்றே போதுமெனின், சாட்சியின்றி, தோட்டத்திலும் வீதியிலும் இருவர் இரகசியமாகச் சொல்லிக்கொண்ட வாக்கும் விவாகமே. நல்லவன் அவ்வாக்கைக் காப்பான். வஞ்சகனோ, நாளடைவில், யான் அவ்வாறு சொன்னதேயில்லை எனச் சாதிப்பான். வேறொருத்தியைக் கோயிலிலே பகிரங்கமாக மணப்பான். முன்னவள் முறையிட்டாலும், சாட்சியில்லாமையால் வழக்குத் தோற்கும். கடவுள் முன்னிலையில் மனைவியாயிருந்தவள், ஊரார் முன்னிலையில் மானமிழந்தவளாய் நிற்பாள். அவள் பெறும் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் இல்லை.

தமிழராகிய நமக்கு இவ்விடர் புதியதன்று. களவு, கற்பு என இரண்டாக வகுத்து அகவாழ்வை ஆராய்ந்தவர் நம் முன்னோர். காதலர் சிலர் தம் வாக்கை மறுத்துக் கைவிடத் தலைப்பட்ட காரணத்தாலேயே பெரியோர் மணச் சடங்கை ஏற்படுத்தினர் என்பது தொல்காப்பியர் தரும் செய்தி. ஐரோப்பாவிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 1215ஆம் ஆண்டிலே கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் இரகசிய விவாகங்களைத் தடுத்து, மணம் நிகழுமுன் கோயிலிலே பகிரங்கமாக அறிவிக்கவேண்டும் எனக் கட்டளையிட்டது. ஓலை வாசித்தல் எனத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிவரும் வழக்கத்தைப் பொதுச்சட்டமாக்கியது அக்கட்டளையே. ஆயினும் கட்டளையை மீறியோர் தண்டனைக்குள்ளாயினரேயன்றி, அவர்கள் விவாகம் செல்லாதென்று ஆகவில்லை. எனவே வஞ்சகமும் ஒழியவில்லை.

16ஆம் நூற்றாண்டிலே இப்பிரச்சினை முற்றியது. பிரான்சு தேசத்துப் பெருந்தளபதி மொன்மொரான்சி, தம் மகன் பிரான்சுவாவுக்கு அரசனுடைய மகள் டியானை மணமுடிக்க எண்ணினார். மகனோ, ஜான் டி பியென் என்னும் பெண்ணுக்கு முன்னரே இரகசியமாக வாக்குக் கொடுத்திருந்தான். தளபதி அரசனிடம் முறையிட்டார். 1556ஆம் ஆண்டுக் கட்டளை என வழங்கும் சட்டம் பிறந்தது: 30 வயதுக்குட்பட்ட மகனும் 25 வயதுக்குட்பட்ட மகளும் பெற்றோரின் சம்மதமின்றி மணந்தால், பெற்றோர் அவர்களுக்கு முதுசொம் இல்லையென ஆக்கலாம். ஜான் கன்னியர் மடத்திலே அடைக்கப்பட்டாள். பிரான்சுவா அரசன் மகளையே மணந்தான்.

அந்நாளில் வட இத்தாலியிலே திரெந்து நகரில் திரிதெந்தீன் பொதுச்சங்கம் கூடியிருந்தது. பெற்றோர் சம்மதமில்லா விவாகம் செல்லாதெனத் தீர்க்கவேண்டும் எனப் பிரான்சு அரசனின் தூதர் அங்கே வற்புறுத்தினர். 1563ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் 11ஆந் திகதி சங்கம் தன் தீர்ப்பை வெளியிட்டது. ஒரு பக்கம், பங்குக்குருவும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளும் முன்னிலையிலில்லாத விவாகம் இனிச் செல்லாது என்றது. மறுபக்கம், பெற்றோர் இசையாத காரணத்தால் விவாகம் செல்லாது என்பாரைக் கண்டித்தது. பெண்ணைக் கவர்ந்து சென்றவன், அவள் தன் கைக்குள் இருக்கும்வரை அவளை மணக்க முடியாது என்றது. மணந்தாலும் மணவாவிடினும் அவளுடைய வாழ்வுக்கு வேண்டிய பொருளை அவன் கொடுத்தாகவேண்டும் என விதித்தது. தம் குடிகளைப் பயமுறுத்தி மணஞ்செய்விக்கும் பிரபுக்களையும் அதிகாரிகளையும் சபைக்குப் புறம்பாக்கியது.

இத்தீர்ப்பின் நுட்பத்தைச் சற்றே கவனியுங்கள். சாட்சி கேட்கப்பட்டது, சம்மதத்துக்குப் பதிலாக அன்று, சம்மதத்தைக் காப்பதற்காக. இரகசிய வாக்கு வலியவனுக்கு வாய்ப்பானது. பகிரங்க வாக்கு எளியவளுக்கு அரணானது. பிரான்சு அரசு இதனால் திருப்தியடையவில்லை. 1579ஆம் ஆண்டில் புளோவா நகரத்துக் கட்டளையால் பெற்றோர் அதிகாரத்தை மேலும் இறுக்கியது. திரெந்துத் தீர்ப்பும் உடனே எங்கும் பரவவில்லை. ஒவ்வொரு பங்கிலும் அதனை அறிவித்து 30 நாட் கழிந்த பின்னரே அங்கு அது செல்லுபடியாகும் என்பது நியதி. அறிவிக்கப்படாத நாடுகளில் பழைய நிலையே நீடித்தது. 1907ஆம் ஆண்டிலே பத்தாம் பத்திநாதர் காலத்தில் வெளியான சட்டமொன்று, 1908ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு முதல், ஏறக்குறைய உலகமெங்கும் ஒரே முறையைக் கொணர்ந்தது. குருவானவர் வெறுமனே நின்று பார்த்தல் போதாது, மணமக்களை வினாவி அவர்கள் சம்மதத்தைத் தாமே கேட்டுப் பெறுதல்வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது.

20ஆம் நூற்றாண்டிலே தகப்பனும் பிரபுவும் இருந்த இடத்தில் அரசு வந்து நின்றது. குறைபாடுடையோர் எனத் தான் கருதியவர்களுக்குப் பிள்ளைப்பேறு வாயாதவாறு சத்திரசிகிச்சை செய்யும் அதிகாரத்தை அரசுகள் கோரின. 1927ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றம் அத்தகைய சட்டமொன்றை அங்கீகரித்தது. 1930ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31ஆந் திகதி பதினோராம் பத்திநாதர், கிறிஸ்தவ விவாகத்தைப் பற்றி விடுத்த நிருபத்திலே, குற்றமொன்றுஞ் செய்யாத பிரசைகளின் உடல்மீது ஆள்வோருக்கு அத்தகைய அதிகாரம் இல்லையென அறுதியிட்டுக் கூறினார். மூன்றாண்டுகளுள், 1933இல், ஜேர்மனியில் ஹிட்லரின் அரசு அதே வகையான சட்டத்தை இயற்றியது. 1945க்குள் அங்கு ஏறக்குறைய 4 இலட்சம் மக்கள் அக்கொடுமைக்கு உள்ளாயினர். அடிமையின் விவாகத்தைக் குலைக்கலாகாதென்ற அதிரியானின் நிருபத்தையும், இந்த நிருபத்தையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு, இரண்டிலும் ஒரே நாதம் ஒலிப்பது புலப்படும்.

சம்மதம் சுயாதீனமானது என்பதோடு கொள்கை முடிந்துவிடவில்லை. கொடுத்த சொல்லை இருவரும் காத்தல்வேண்டும். அவ்வாறு காப்பதே விவாகத்திற் கற்பு. உரோமச் சட்டம் மனைவியின் பிழையைத் தண்டித்துக் கணவன் பிழைக்குக் கண்ணை மூடிக்கொண்ட காலத்திலே, பெண்ணுக்கு ஆகாதது எங்களிடத்தில் ஆணுக்கும் ஆகாது என அர்ச். எரோணிமுஸ் எழுதினார். நம் நாட்டிலோ கற்பு என்னும் சொல்லைப் பெண்ணின் தலைமீது மாத்திரம் சுமத்திப் பழகிவிட்டோம். ஒரே வாக்கை இருவர் கொடுத்திருக்க, ஒருவர் மாத்திரம் அதற்குக் கட்டுப்பட்டவர் என்பது நீதியாகுமா?

1965ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 7ஆந் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சாசனம், கணவனைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமை பெண்ணுக்கு மறுக்கப்படுவதை மனித உரிமைக்கு விளையும் பங்கங்களுள் ஒன்றாக எடுத்துக் காட்டியது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும், மணமக்களின் சம்மதத்தை வேறெந்த மனித சக்தியாலும் ஈடுசெய்ய முடியாது என வரையறுக்கின்றது. சட்டம் ஏட்டிலே இவ்வாறிருக்க, கத்தோலிக்கக் குடும்பங்களிலும் பெண்கள் வாய்மூடி மணவறை ஏறியதுண்டு என்பதை வரலாறு மறுக்கவில்லை. சட்டம் வழி காட்டும்; அவ்வழியே நடப்பது மனிதர் கடமை.

நேயர்களே, பெற்றோர் பொருத்தம் பார்த்தல் குற்றமன்று. அது அன்பின் கடமை. ஆயினும் சாதகம் பார்த்து, சீதனம் பேசி, நாளும் குறித்த பின்னர், பெண்ணைக் கேட்டீர்களா என ஒருவர் வினாவினால், “அவளை என்ன கேட்கிறது?” என்னும் மறுமொழி நம் வீடுகளில் இன்றும் ஒலிக்கின்றதே! எச்சமயத்தவராயினும் அவ்வேளையில் நோரிச் நகரத்துப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் தாய் 1482இல் மரணசாசனம் எழுதியபோது, கதவடைத்து அனுப்பிய அந்த மகளின் பிள்ளைக்கும் ஒரு தொகையை எழுதிவைத்தாள். பதின்மூன்று ஆண்டுகளின் பின் அடைத்த கதவு சிறிதே திறந்தது. அவ்வளவு காலம் காத்திராது, நம் வீட்டுக் கதவு திறந்திருக்கும்போதே நம் பிள்ளையின் சொல்லைக் கேட்போமாக.