எய்ட்ஸ் என்று ஒரு மிட்டாய்

பேரைக் கேட்டாலே சிரிப்பு வரும் பிராண்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தால், ஒரு அமெரிக்க மிட்டாயை யாராவது தவறாமல் இழுத்துட்டு வருவாங்க. பேரு எய்ட்ஸ்.

நோய் இல்லீங்க, மிட்டாய். உடம்பு இளைக்க! ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்துதான் வேற. தமிழில் எழுதினால் அந்த வித்தியாசமும் கிடையாது.

1930களின் பிற்பகுதியில் வந்தது. சாக்லேட், பட்டர்ஸ்காட்ச், கேரமல் எனப் பல சுவைகள். சாப்பாட்டுக்கு முன்னாடி சூடாக எதையாவது குடித்தபடி ஒன்றிரண்டு மென்றால் பசி அடங்கும் என்றார்கள். ஆரம்பத்தில் அதில் இருந்தது பென்சோகைன். வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஜெல்லில் இருக்குமே, மரத்துப்போக வைக்கிற மருந்து, அதேதான். நாக்கு மரத்தால் ருசி தெரியாது, ருசி தெரியலைன்னா சோறு இறங்காது என்பது கணக்கு.

1981 ஜூனில், லாஸ் ஏஞ்சலிஸில் 5 இளைஞர்களுக்கு வந்த அபூர்வ நிமோனியா பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எழுதியது. தன்பாலீர்ப்பாளர்களை ஒட்டித்தான் அந்த நோய்க்கு முதலில் பேர் புழங்கியது. ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், ஹீமோஃபீலியா நோயாளிகள் என்று மற்றவர்களுக்கும் வந்தபிறகு அந்தப் பேர் நிற்கவில்லை. 1982ல் எய்ட்ஸ் ஆனது.

அதாவது நோய் தன் பேரை மாற்றிக்கொண்டது. மிட்டாய் மாற்றிக்கொள்ளவில்லை! எய்ட்ஸால் இளைத்தேன் என்கிற ரீதியில் சிரித்த முகத்தோடு விளம்பரங்கள்.

விற்பனை பாதிவரை சரிந்துவிட்டதாக 1988ல் நிறுவனத் தலைவரே சொன்னார். அப்புறம்தான் அமெரிக்காவில் பேருக்கு முன்னால் டயட் என்று சேர்த்தார்கள். பிரிட்டனில் எய்ட்ஸ்லிம்.

இங்கேதான் எனக்குச் சிரிப்பு நின்னுபோச்சு. உகாண்டாவில் மக்கள் அந்த நோய்க்கு வைத்த பேரே 'ஸ்லிம்'. வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாக ஆள் உருகி, எலும்பும் தோலுமாக ஆவதைப் பார்த்து வைத்த பேர். 1985ல் லான்செட் இதழில் வந்த கட்டுரையின் தலைப்பிலேயே அது இருக்கு. எய்ட்ஸையும் ஸ்லிம்மையும் ஒட்டவைத்து மிட்டாய்க்குப் பேர் வைத்தவருக்கு அது தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சரி, உள்ளே இருந்த சரக்குக்கு வருவோம். பின்னாளில் பென்சோகைன் போய் ஃபீனைல்புரொப்பனோலமைன் வந்தது. சுருக்கமாக பிபிஏ. பசியைக் குறைக்கும். கூடவே ரத்தக்குழாயைச் சுருக்கும், பிபியை ஏற்றும். மூக்கடைப்பு விலகுவதும் அதனால்தான், அதனால் சளி மாத்திரைகளிலும் இருந்தது.

2000ல் யேல் பல்கலைக்கழக ஆய்வு வந்தது. 18 முதல் 49 வயதுப் பெண்களில், பசியடக்கியாக பிபிஏ எடுத்தவர்களுக்கு மூளையில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு சுமார் 16 மடங்கு. அந்த வருடமே அமெரிக்க எஃப்டிஏ, பிபிஏ மருந்துகளை விற்பனையிலிருந்து எடுக்கச் சொன்னது. இந்தியாவில் தடை அறிவிப்பு வர 2011 ஆச்சு.

மிட்டாய் அதற்கு ரொம்ப முன்னாடியே கடையை விட்டுப் போயாச்சு. பிபிஏவால் இல்லை, பேரால்.