மன்னார் வளைகுடாவின் கடற்பஞ்சுகள்

கடற்பஞ்சு ஒரு விலங்கு. வாய், வயிறு, நரம்பு, இதயம் எதுவும் இதற்கு இல்லை. உடலெங்கும் உள்ள நுண்துளைகள் வழியே நீர் உள்ளே புகும். உள்ளறைகளில் அணிவகுத்திருக்கும் சாட்டையிழைச் செல்கள் அந்த நீரை இழுத்து, அதிலுள்ள பாக்டீரியாக்களையும் நுண்துகள்களையும் பிடித்துக்கொள்ளும். எஞ்சிய நீர் பெரிய வாயில் ஒன்றின் வழியே வெளியேறும். உடலைத் தாங்குபவை சிலிக்காவாலோ சுண்ணாம்பாலோ ஆன நுண்முட்கள். சில இனங்களில் நார்கள். முட்களின் வடிவம் இனங்களைப் பிரித்தறிய உதவும் என்பதால், வகைப்பாட்டாளர் முதலில் நுண்நோக்கியில் பார்ப்பது முட்களைத்தான். உலகில் இதுவரை பெயரிடப்பட்டவை 9,000-க்கும் மேல். அவற்றில் மிகப் பெரும்பாலானவை டெமோஸ்பாஞ்சியே என்னும் வகுப்பைச் சேர்ந்தவை.

இவை செடியா விலங்கா என்ற ஐயம் நெடுங்காலம் நீடித்தது. 1825-ஐ ஒட்டி எடின்பரோவில் ராபர்ட் கிராண்ட், நீர் துளைகளில் புகுந்து வாயிலில் வெளியேறுவதைக் கண்ணால் கண்டு எழுதினார். இந்தியாவில் பஞ்சு ஆராய்ச்சியைத் தொடங்கியவர் பம்பாய்ப் படையில் மருத்துவராக இருந்த எச். ஜே. கார்ட்டர். அவர் தேர்ந்தது கடலை அல்ல, பம்பாயின் குளங்களை. நன்னீர்ப் பஞ்சுகள் பற்றிய அவருடைய கட்டுரைகள் 1840-களின் இறுதியில் வெளிவந்தன. கோடையில் குளம் வற்றினால் தாய்ப்பஞ்சு மடிந்துவிடும். அது விட்டுச்செல்லும் கெட்டியான உறை கொண்ட சிறு மணிகள் அடுத்த மழையில் முளைத்துப் புதிய பஞ்சாகும். குளத்து நீரை நம்பி வாழும் உயிருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. யூனாபியஸ் கார்ட்டெரி என்ற நன்னீர்ப் பஞ்சு இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது.

இங்கிலாந்து திரும்பிய கார்ட்டரிடமே, மன்னார் வளைகுடாவில் வாரி எடுக்கப்பட்டு லிவர்பூல் அருங்காட்சியகத்துக்குப் போன மாதிரிகளும் வந்து சேர்ந்தன. அவற்றைப் பற்றி அவர் 1880-இல் எழுதினார். அடுத்து சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் சேகரித்தவற்றை ஆர்தர் டெண்டி ஆராய்ந்து, 1887-இலும் 1889-இலும் அறிக்கைகள் தந்தார்.

பெரிய உந்துதல் முத்திலிருந்து வந்தது. 1891-க்குப் பின் இலங்கைப் பக்கத்து முத்துக்குளிப்பு பொய்த்துப்போக, காலனி அரசு 1902-இல் பேராசிரியர் ஹெர்ட்மனை அழைத்தது. அவர் திரட்டிய பஞ்சுகளை டெண்டி 1905-இல் விவரித்தார். அவற்றுள் கிளையோனா மார்கரிட்டிஃபெரா முத்துச்சிப்பியையே துளைப்பது. கிளையோனா பேரினத்துப் பஞ்சுகள் அமிலத்தால் சுண்ணாம்பை அரித்து நுண்சில்லுகளாகப் பெயர்த்தெடுத்து, ஓட்டுக்குள் அறை அறையாகக் குடைந்து வாழும். வெளியே தெரிவதெல்லாம் சிறு பொட்டுகள். உள்ளே ஓடு தேன்கூடாகி, விரலால் நசுக்கினால் நொறுங்கும். சங்கும் பவளப்பாறையும் இவற்றுக்கு இரையாகும். முத்துக்காக வந்த பணமே பஞ்சைப் படிக்க வைத்தது என்பதால், அந்தக் கால அறிக்கைகளில் பஞ்சு பெரும்பாலும் பகையாகவே பேசப்படுகிறது. அது நியாயமற்ற பார்வை. இறந்த ஓட்டையும் பாறையையும் தகர்த்துச் சுண்ணாம்பைக் கடலுக்கே திருப்பித் தருவதும், ஓயாமல் நீரை வடிப்பதும் இதே பஞ்சுகள்தாம்.

பஞ்சு ஆராய்ச்சியை அடுத்து விரிவாக்கியது மண்டபம் என்ற கடலோர ஊரில் நடந்த பணி. 1947-இல் நிறுவப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பி. ஏ. தாமஸ், மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா ஆகியவற்றின் டெமோஸ்பாஞ்சியே பஞ்சுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 275 இனங்களை விவரித்தார். துளைக்கும் பஞ்சுகளால் சிப்பிப் பார்களுக்கு நேரும் சேதத்தைத் தனியாகவும் எழுதினார். இந்தியப் பஞ்சு ஆய்வில் இன்றும் முதலில் புரட்ட வேண்டியவை அவர் நூல்கள்.

இதே காலத்தில் பஞ்சின் வேதியியலும் கவனம் பெற்றது. நகர முடியாத உயிர், தன்னைத் தின்ன வருபவற்றை நச்சுச் சேர்மங்களால் தடுக்கிறது. 1950-களில் கரீபியப் பஞ்சு ஒன்றில் வெர்னர் பெர்க்மன் கண்ட சேர்மங்களே, இரத்தப் புற்றுக்குத் தரப்படும் சைட்டாரபைன் மருந்துக்கு வழிகாட்டின.

பாதுகாப்பு பிந்தி வந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கொண்ட கடல் தேசியப் பூங்கா 1986-இல் அமைந்தது. 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணையில் சுண்ணாம்புப் பஞ்சுகள் சேர்க்கப்பட்டன. ஆனால் தாமஸ் பட்டியலிட்ட பஞ்சுகள் வேறு வகுப்பைச் சேர்ந்தவை.

கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறிய பிறகு நிலைமை சிக்கலாகிவிட்டது. உயிருள்ள பவளத்தின்மேல் கரும்படலமாகப் படர்ந்து அதைக் கொல்லும் டெர்பியோஸ் ஹோஷினோட்டா என்ற பஞ்சு, 2015-ஐ ஒட்டிப் பாக் விரிகுடாவிலும், பிறகு மன்னார் வளைகுடாவின் வான் தீவருகிலும் பதிவாகியிருக்கிறது.