எபிசோட் 41: தெரிஞ்ச கதையா, புதுக் கதையா? கன்சோல் கேமும் ஒரு காலித் தொட்டிலும்

இன்னைக்கு எபிசோடை ஒரு மஞ்சள் கேசட்டில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் மூணாவதோ நாலாவதோ படிக்கும்போது, பாலக்கோட்டில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் அப்பா எனக்கு ஒரு டிவி கேம் வாங்கித் தந்தார். கூடவே ஒரு மஞ்சள் கேசட். அதன் மேலே '9999999 இன் 1' என்று அச்சடிச்சிருந்தது. ஒரு கோடிக்கு ஒரே ஒரு கேம்தான் கம்மி! உள்ளே போய்ப் பார்த்தா பத்துப் பன்னிரண்டு கேம்தான். மரியோ, கான்ட்ரா, வாத்து சுடுறது, டாங்கி ஓட்டுறது. பக்கத்தைத் திருப்பத் திருப்ப அதே மரியோ வேற வேற பேரில் வருவார். நாங்களும் சலிக்காம, புதுசா ஏதாவது வராதா என்று கடைசிப் பக்கம் வரைக்கும் போய்ப் பார்ப்போம். வந்ததே இல்லை.

இப்போ நான் பெங்களூருவில் வேலை பார்க்கிறேன். கேம் கன்சோல்கள் எங்கேயோ போயிடுச்சு. ஆனா அந்த மஞ்சள் கேசட் இன்னும் மாறலையோ என்று தோணும். 2023ஆம் வருஷத்தை எடுத்துக்கோங்க. கேம்கள் குவிஞ்ச வருஷம் அது. 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் அந்த வருஷத்தின் சிறந்த கேமுக்கான இறுதிப் பட்டியலில் ஆறு பேர்: பால்டர்ஸ் கேட் 3, ஆலன் வேக் 2, ஸ்பைடர்மேன் 2, ரெசிடென்ட் ஈவில் 4, மரியோ, செல்டா. ஆறுமே ஏற்கெனவே இருந்த வரிசையின் அடுத்த பாகம், இல்லேன்னா பழைய கேமின் மறு உருவாக்கம். முழுசா புதுப் பேர் ஒண்ணுகூட இல்லை. அவை மோசமான கேம்கள் என்று சொல்ல வரல. ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு நானே ஆடியிருக்கேன். ஒரு பெரிய கன்சோல் கேமுக்கு நூற்றுக்கணக்கான பேர் பல வருஷம் உழைக்கணும். அவ்வளவு பணத்தைக் கொட்டுறவங்க, ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச பேரைத்தான் தேடுவாங்க. அதில் ஆச்சரியம் இல்லை.

அப்போ நம்ம கதை? இந்தியாவில் கன்சோலுக்குக் கேம் செஞ்சவங்க எந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தாங்க? கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

2009. 'ஹனுமான்: பாய் வாரியர்'. பிளேஸ்டேஷன் 2க்காக ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜீஸ் செஞ்சு, சோனி வெளியிட்டது. இந்தியாவிலேயே உருவான முதல் கன்சோல் கேம் என்று இதைத்தான் சொன்னாங்க. அதே வருஷம் 'தேசி அட்டா' வந்துச்சு. கபடி, கில்லி, பட்டம் விடுறது எல்லாம் அதில் உண்டு. 2011இல் ஷாருக் கான் படத்தை வெச்சு 'ரா.ஒன்'. 2013இல் 'டான் 2'. அந்த வருஷத் தொடக்கத்தில்தான் பிளேஸ்டேஷன் 2 உற்பத்தியையே நிறுத்தியிருந்தாங்க. உலகம் காலி பண்ணிட்டுப் போற வீட்டில் நாம அப்பத்தான் குடியேறிக்கிட்டு இருந்தோம்.

ஒரு சாமி, ஒரு விளையாட்டுத் தொகுப்பு, ரெண்டு சினிமா. எல்லாமே ஜனங்களுக்குத் தெரிஞ்ச பேர். அதிலும் 'டான்' கதை நமக்கு ரொம்பவே நெருக்கம். 1978இல் அமிதாப் பச்சன் நடிச்ச அந்தப் படம்தான் 1980இல் ரஜினியின் 'பில்லா' ஆச்சு. 2006இல் இந்தியில் ஷாருக் நடிக்க அதைத் திரும்ப எடுத்தாங்க, 2007இல் தமிழில் அஜித் நடிக்க. அதன் தொடர்ச்சிதான் கேம் ஆச்சு. நம்ம மஞ்சள் கேசட் மாதிரியே, ஒரே ஆளுக்குப் பல பக்கம்.

தெரிஞ்ச பேரை எடுத்தா பிரச்சினை வராது என்று நினைப்போம். வந்துச்சு. ஹனுமான் கேம் வெளியானதும், அமெரிக்காவின் நெவாடாவில் இருந்து ராஜன் ஜெட் என்ற இந்து சமயப் பிரமுகர் எதிர்ப்புத் தெரிவிச்சார். பக்தர்கள் வணங்குற தெய்வத்தை ஒருத்தர் கையில் இருக்கிற கன்ட்ரோலரின் பட்டன் ஆட்டி வைக்கிறதா என்பது அவர் கேள்வி. அதுக்கு முந்தின வருஷம், 2008இல், மைக்ரோசாஃப்ட் 'ஃபால்அவுட் 3' கேமை இந்தியாவில் வெளியிடலை. கலாசார உணர்வுகள் என்று மட்டும்தான் காரணம் சொன்னாங்க. அந்த கேமில் ரெண்டு தலை மாடு ஒண்ணு வரும், அதுக்குப் பேர் 'பிராமின்'. அதுதான் காரணமா இருக்கும் என்று பலரும் ஊகிச்சாங்க.

இங்கேதான் 'மெச்சூர்' என்ற சொல்லைப் பிடிச்சு நிறுத்தணும். 1993இல் அமெரிக்க செனட் 'மார்ட்டல் காம்பாட்' மாதிரி கேம்களில் வர்ற ரத்தத்தைப் பத்தி விசாரணை நடத்துச்சு. அதன் விளைவா 1994இல் கேம்களுக்கு வயது முத்திரை குத்துற அமைப்பு ஒண்ணு உருவாச்சு. 17 வயசுக்கு மேல் என்றால் 'எம்', அதாவது மெச்சூர். அன்னையில் இருந்து அந்தச் சொல்லுக்கு ரத்தம், கெட்ட வார்த்தை, படுக்கையறை என்று அர்த்தம் ஆகிப்போச்சு. நம்ம தியேட்டரின் 'ஏ' சர்டிஃபிகேட் மாதிரி. ஆனா தமிழில் முதிர்ச்சி என்று சொன்னா அதுவா அர்த்தம்? பட்டு, தாங்கி, புரிஞ்சுக்கிட்ட மனசைத்தானே அப்படிச் சொல்றோம்?

எங்க ஊர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். விடிய விடிய நடக்கும். கடைசியில் துரியோதனன் படுகளம். மண்ணால் பிரம்மாண்டமா துரியோதனனைப் படுக்கப் போட்டிருப்பாங்க. யோசிச்சுப் பாருங்க, பாரதத்தை விடப் பெரிய 'ஃப்ரான்சைஸ்' உலகத்தில் உண்டா? முடிவு எல்லாருக்கும் தெரியும். ஸ்பாய்லர் அலர்ட் கிடையாது. வயசு முத்திரையும் கிடையாது. பாயை விரிச்சுக் குழந்தைகள் படுத்திருக்க, சபை நடுவே ஒரு பெண்ணை அவமானப்படுத்துறதை நடத்திக் காட்டுவாங்க. துகிலுரிதல் அன்னைக்கு ராத்திரி, அதுவரைக்கும் கட்டியங்காரன் ஜோக்குக்குச் சிரிச்சுக்கிட்டிருந்த எங்க பாட்டி எழுந்து கை கூப்பி நின்னது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கு. தெரிஞ்ச கதைதான். ஆனா அன்னைக்கு ராத்திரி அது புதுசா நடந்துச்சு.

அதனால் 'தெரிஞ்ச கதை கெட்டது, புதுக் கதை நல்லது' என்று ஒரு கோடு கிழிச்சு நான் நிறுத்த மாட்டேன். கேள்வி வேற. தெரிஞ்ச பேரை வெச்சு நீங்க எதையாவது சொல்லத் துணியுறீங்களா, இல்ல அந்தப் பேருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிறீங்களா?

2020இல் வந்த 'ராஜி' ஒரு நல்ல உதாரணம். புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செஞ்சது. 2017இல் ஜனங்ககிட்ட நிதி திரட்டப் பார்த்தாங்க, இலக்கை எட்டல. ஆனாலும் விடல. தெரிஞ்ச சாமிகள் அதில் உண்டு, துர்க்கையும் விஷ்ணுவும்தான் கதை சொல்றாங்க. ஆனா நாயகி புதுசு. ராஜி ஒரு சர்க்கஸ் பொண்ணு. அசுரர்கள் தூக்கிட்டுப் போன தம்பியைத் தேடிப் போறா. நிழல் பொம்மலாட்டம் மாதிரிதான் இடையிடையே கதை நகரும்.

அடுத்து, 2023 ஜூலை 31. 'வெண்பா'. கனடாவின் டொரன்டோவில், அபி என்ற தமிழரின் தலைமையில் இயங்குற விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செஞ்சது. ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் எல்லாத்திலும் வந்துச்சு. சாமி இல்லை, ஹீரோ இல்லை, துப்பாக்கி இல்லை. 1980களின் கடைசியில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்த் தம்பதி, வெண்பாவும் பாவலனும். அவங்க பையன் கவின். அம்மா தந்த சமையல் குறிப்பு நோட்டு கிழிஞ்சும் அழிஞ்சும் போயிருக்கு. விட்டுப்போன வரிகளை யூகிச்சு நாம சமைக்கணும், அதுதான் கேமே. ரேடியோவில் பாட்டு ஓடும். எல்லாம் அந்தக் கேமுக்காகவே போட்ட புதுப் பாட்டு, ஆனா அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமா வாசனை அடிக்கும். ரெண்டு மணி நேரத்துக்குள் முடிஞ்சிடும். அதுக்குள் பையன் தமிழை விட்டு விலகிப் போறான். அப்பாவை இனவெறியில் அடிக்கிறாங்க. அம்மா தனியாகுறாங்க. 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதும், சுயாதீன கேம் விழாவான ஐஜிஎஃப்பின் பெரிய பரிசும் இதுக்குக் கிடைச்சது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ நண்பனின் ஸ்விட்சை வாங்கிட்டுப் போய் அம்மாகிட்ட காட்டினேன். முதல் கட்டமே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கணும் என்பதுதான் புதிர். நான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அம்மா எட்டிப் பார்த்துட்டு, "கீழ்த் தட்டுல இட்லி இருக்கிற இடத்துக்கு நேர் மேல ஓட்டை வரணும்டா. அப்பதான் ஆவி போகும், இட்லியும் ஒட்டாது. இதுகூடத் தெரியாமயா இஞ்சினியரிங் படிச்ச?" என்றாங்க. பால்டர்ஸ் கேட்டில் நூறு மணி நேரம் போட்டவன் இட்லியில் அவுட்!

உலகத்துக்கு அது புத்தம்புதுக் கேம். எங்க அம்மாவுக்கு அது தினமும் காலையில் நடக்கிறது. புதுசா பழசா என்பது கதையில் மட்டும் இல்லை, யார் கையில் கன்ட்ரோலர் இருக்கு என்பதிலும் இருக்கு.

இப்போ ஏன் இந்த எபிசோட் என்று சொல்லிடுறேன். நானும் ஒரு நண்பனும் ராத்திரி ராத்திரியா ஒரு சின்னக் கேம் செஞ்சுக்கிட்டு இருக்கோம். 1992இல் தமிழ்நாடு அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்குச்சு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வளர்க்க முடியாத குழந்தையைக் கொல்லாம இந்தத் தொட்டிலில் போடுங்க என்ற திட்டம். 2001இல் தர்மபுரி உட்பட இன்னும் சில மாவட்டங்களுக்கு அதை விரிச்சாங்க. எங்க கேமில் நீங்க அந்தத் தொட்டில் இருக்கிற இடத்தில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிற ஆயா. விளக்கைப் போடலாம், காது கொடுத்துக் கேட்கலாம், குழந்தையைத் தூக்கலாம், ரிஜிஸ்டரில் எழுதலாம். அவ்வளவுதான். ஸ்கோர் கிடையாது.

ஒரு முதலீட்டாளரிடம் காட்டினோம். மரியாதையாத்தான் பேசினார். "ஸ்டோரி வெயிட்டா இருக்கு. ஆனா யாருக்கும் தெரிஞ்ச பேர் இல்லையே. கர்ணனா மாத்திடுங்களேன்? அதுவும் ஆத்துல விட்ட குழந்தைதானே" என்றார். வெளியே வந்து டீக்கடையில் நின்னு ரெண்டு பேரும் அவரைத் திட்டினோம். ஆனா பஸ்ஸில் வரும்போது உறுத்துச்சு. அவர் சொன்னது முட்டாள்தனம் இல்லை. பணமும் கிடைக்கும். கூத்தைப் பத்தி இவ்வளவு பேசுற நான் கர்ணனை ஏன் வேண்டாம் என்கிறேன்?

அம்மாகிட்ட கேட்டேன். கீரை ஆய்ஞ்சுக்கிட்டே கொஞ்ச நேரம் எதுவும் சொல்லல. அப்புறம், "கர்ணன் கதைன்னா எல்லாரும் அழுவாங்க கண்ணு. அழுதுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. இது நம்ம தெருவுல நடந்ததுன்னு யாரும் நினைக்க மாட்டாங்க" என்றாங்க. நான் அதோட முடிஞ்சது என்று நினைச்சேன். முடியல. "ஆனா கூத்துல குந்தி அழறப்போ யார் யார் பாதியில எழுந்து போனாங்கன்னு எனக்குத் தெரியும்." யார் என்று நான் கேட்கல. அவங்களும் சொல்லல.

பழைய கதைக்குள் ஒளிஞ்சுக்கவும் முடியும், அதே கதையில் ஒருத்தர் மாட்டிக்கவும் முடியும். அந்த ரெண்டு வரியில் அம்மா சொன்னது இதைத்தான். எந்த ஊரையும் பழி சொல்ல இந்தக் கேமை நாங்க செய்யல. வரதட்சணையும் வறுமையும் ஆண் பிள்ளை மோகமும் சேர்ந்து அந்தத் தொட்டிலைத் தேவையாக்குச்சு. பழி சொல்றது சுலபம். அந்த வாசல் வரைக்கும் ஒரு பெண் இருட்டில் நடந்து வந்தது சுலபம் இல்லை.

முடிவு எடுத்துட்டோம். தொட்டில் தொட்டிலாவே இருக்கும். முதலீட்டாளருக்கு நன்றி சொல்லி மெயில் போட்டாச்சு. பணம் இல்லாததால் கேம் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும். ஒரே ஒரு மாற்றம் செஞ்சோம். மூணாவது ராத்திரியில், அந்த ஆயா தனியா உட்கார்ந்திருக்கும்போது, தூரத்தில் எங்கேயோ ஒரு ஊரில் கூத்து நடக்குற சத்தம் கேட்கும். மிருதங்கம், முகவீணை, அதுக்கு மேல் குந்தியின் குரல். ஆடுறவங்க விரும்பினா ஜன்னலைச் சாத்திக்கலாம். அதுக்கு ஒரு பட்டன் வெச்சிருக்கோம்.

உங்க ஊரில், உங்க வீட்டில், இன்னும் யாரும் கேமாவோ படமாவோ எடுக்காத கதை எது? வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோடில் சிலதைப் போடுறேன். பேர் சொல்ல விருப்பம் இல்லேன்னா சொல்ல வேண்டாம். அதுவரைக்கும் அம்மாவுக்கு ஒரு போன் போடுங்க.