நிமிர்த்தும் கயிறு

திருப்பனந்தாள் சாய்ந்ததை நிமிர்த்திய ஊர். தாடகை என்னும் அடியாளின் மாலையை ஏற்கச் சாய்ந்த இறைவனை, யானைகளும் நிமிர்த்த இயலாத நிலையில், குங்கிலியக் கலய நாயனார் தம் கழுத்தில் கயிற்றைப் பூட்டி இழுத்து நிமிர்த்தினார் என்பர். அவ்வூரில் அமர்ந்து நான் நிமிர்த்தப் புகுந்ததோ ஒரு பழைய வால்வு வானொலிப் பெட்டி! அதனுள்ளும் ஒரு கயிறு உண்டு. அக்கயிறு செய்த குறும்பைப் பின்னர்ச் சொல்வேன், வரலாறு முந்தட்டும்.

தமிழகத்தில் வானொலிக்கு வித்திட்டவர் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார். அவர் முயற்சியால் 1924-இல் சென்னையில் தோன்றிய வானொலிக் கழகம், 1927-இல் பொருள் முடையால் ஓய்ந்தது. அதன் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930-இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இலும், திருச்சி நிலையம் 1939-இலும் எழுந்தன. காவிரிக் கரையினர்க்குத் திருச்சியே சொந்தக் குரலாயிற்று. பெட்டி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்தினர். பெட்டி இல்லாதார்க்கு ஊராட்சி மன்ற வானொலியே மாலைநேரச் செல்வம்.

அக்குரல் வெறுங்காற்றாகப் போகவில்லை. நம் ஊருக்கு அண்மையில் உள்ள ஆடுதுறையில் 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம், 1960-களின் இடையில் ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல்லை வழங்கியது. இந்திய, சப்பானிய இனங்களின் கலப்பில் பிறந்தது அது. திருச்சி வானொலி அதன் சாகுபடி முறையை உழவர்க்கு எடுத்தோதியது. உழவர்களோ அந்த எண்ணையும் எழுத்தையும் ஒதுக்கிவிட்டு, ‘ரேடியோ நெல்’ என்று பெயர் சூட்டினர்! சொன்ன வாயின் பெயரை விதைக்கு இட்ட இச்செயலைவிடச் சிறந்த ஆகுபெயர் எந்தப் புலவர்க்கு வாய்க்கும்?

1947-இல் கண்டறியப்பட்ட டிரான்சிஸ்டர், பின்னாளில் வானொலியைச் சட்டைப் பைக்குள் அடக்கியது. வால்வுப் பெட்டிகள் பரணேறின. எங்கள் வீட்டுப் பெட்டியும் அவ்வாறே ஏறியது. சில ஆண்டுகளுக்கு முன் அதை இறக்கியபோது, உள்ளே ஓர் எலிக் குடும்பம் வாடகையின்றி வாழ்ந்துகொண்டிருந்தது.

நெடுநாள் உறங்கிய பெட்டிக்கு உடனே முழு மின்சாரம் தரலாகாது. உலர்ந்துபோன கண்டென்சர்களை மாற்றி, தொடரில் ஒரு குண்டு பல்பை இணைத்துச் சிறிது சிறிதாக எழுப்பவேண்டும். இவ்வளவும் கற்ற நான், ஒன்றை மறந்தேன். மாறுமின்னோட்டம், நேர்மின்னோட்டம் ஆகிய இரண்டிலும் இயங்கும் சில பெட்டிகளில், உள்ளிருக்கும் உலோகத் தட்டே மின்கம்பியோடு நேரே பிணைந்திருக்கும். தொட்டேன். அப்போது என் வாயினின்று எழுந்தது மரபுக் கவிதையும் அன்று, புதுக் கவிதையும் அன்று!

அடுத்தது கயிறு. நிலையங்களைக் காட்டும் முள்ளை இழுக்கும் மெல்லிய கயிற்றை உருளைகளில் எதிர்ப்புறமாகச் சுற்றிவிட்டேன். பெட்டி பேசியது, முள் பின்னோக்கி ஓடியது. கொழும்பு என்று எழுதிய இடத்தருகே திருச்சி நிலையம் ஒலித்தது. எண்பதைக் கடந்த என் பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

“ஏண்டா தம்பி, திருச்சியை எப்போ கொழும்புக்கு மாத்துனாங்க?”

வீடே சிரித்தது. கயிற்றை அவிழ்த்து மறுபடி சுற்றினேன். முள் நேர்வழிக்கு வந்தபோது பெரியப்பா சிரிக்கவில்லை. ஊராட்சிப் பெட்டியின் முன் தம் தந்தையோடு அமர்ந்து நெல் செய்தி கேட்ட மாலைகளை, அன்று முதன்முறையாக எங்களிடம் சொன்னார். அரை நூற்றாண்டு அவருள் உறங்கிய பேச்சு அது. அதை எழுதி வைக்க எனக்கு அன்று தோன்றவில்லை. இன்று கேட்டெழுத அவர் இல்லை.

அண்மை ஆண்டுகளில் மத்திய அலை ஒலிபரப்பிகள் பல இடங்களில் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றுவருகின்றன. அவை முற்றும் அடங்கும் நாளில், எத்துணைச் செம்மையாகப் பழுது பார்த்த பெட்டியும் விளக்கெரியும்; பேசாது. ஆதலின் வட்டத்து அன்பர்களே, பெட்டியை நிமிர்த்துவதினும் முந்திய பணி ஒன்று உளது. நும் இல்லத்து முதியோர் எந்தக் குரலை, எவரோடு அமர்ந்து கேட்டனர் என வினவி எழுதுங்கள். சாய்ந்துவரும் அந்நினைவை நிமிர்த்தும் கயிறு எழுத்தே. அது நம் கையில் இருக்கிறது.